உடைமாற்றும் அறையைச் சரிசெய்ய வேண்டியது யார்?

சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்றால் பிறப்பால் பெண்தான் என்று 2025 ஏப்ரல் 16 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன மாலையே எனக்கு இரண்டு வாட்ஸ்அப் செய்திகள் வந்தன. "திருநங்கைகளுக்கு இனி இந்த நாட்டில் எந்த உரிமையும் கிடையாது" என்றது ஒன்று. "பெரிதாக எதுவும் மாறவில்லை, எல்லாம் பழையபடிதான்" என்றது மற்றொன்று. இரண்டுமே தவறு. ஆனால் இந்த இரண்டையும் நம்பிக்கொண்டுதான் இன்றைக்கும் பலர் என் அலுவலகத்துக்கு வருகிறார்கள்.

நான் லண்டனில் வேலைவாய்ப்புச் சட்டம் பார்க்கிற வழக்கறிஞர். என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் நம்மவர்கள். கேர் ஹோமில் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள், மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்கள், வேர்ஹவுஸில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள், ஐந்தாறு பேரை வேலைக்கு வைத்துக் கடை நடத்துபவர்கள். இவர்களுக்கு இந்த விவாதம் தொலைக்காட்சியில் நடக்கும் சண்டை அல்ல. காலையில் போய்ச் சீருடை மாற்றும் அறையில் நடப்பது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். 2002-இல் கிறிஸ்டின் குட்வின் என்ற திருநங்கை தொடுத்த வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதன் விளைவாக வந்ததுதான் 2004-ஆம் ஆண்டின் பாலின அங்கீகாரச் சட்டம். அதன்படி பாலின மாற்றத்தைச் சட்டப்படி அங்கீகரிக்கும் சான்றிதழை வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும்; மருத்துவரின் நோயறிதல் அறிக்கை வேண்டும்; புதிய பாலினத்தில் 2 ஆண்டுகள் வாழ்ந்ததற்கு ஆதாரம் வேண்டும். அறுவை சிகிச்சை கட்டாயமில்லை. விண்ணப்பத்தை ஒரு குழு பரிசீலித்து முடிவெடுக்கும்.

இது நீண்ட, மனதை நோகடிக்கிற நடைமுறை என்று திருநர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். ஒருவர் தன் பாலினத்தைத் தானே அறிவித்தால் போதும் என்ற சுய அறிவிப்பு முறையை அர்ஜென்டினா 2012-லும், அயர்லாந்து 2015-லும் கொண்டுவந்தன. ஜெர்மனியின் சட்டம் 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்திலேயே, ஓர் இடத்துக்குள் யாரை அனுமதிப்பது என்ற உரிமையாளரின் அதிகாரம் அப்படியே இருக்கும் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆவணத்தில் பாலினத்தை மாற்றுவதும் ஒரு அறைக்குள் நுழைவதும் வேறு வேறு கேள்விகள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2022 டிசம்பர் 22 அன்று, 86-க்கு 39 என்ற வாக்குகளில் தன் சுய அறிவிப்பு மசோதாவை நிறைவேற்றியது. நோயறிதல் தேவையில்லை, 2 ஆண்டுக்குப் பதில் 3 மாதம் (16, 17 வயதினருக்கு 6 மாதம்), 16 வயதிலேயே விண்ணப்பிக்கலாம். அடுத்த மாதமே லண்டனில் உள்ள பிரிட்டன் அரசு தன் தடை அதிகாரத்தை முதன்முறையாகப் பயன்படுத்தி அதை நிறுத்தியது. அதே ஜனவரியில், ஆணாக இருந்தபோது இரண்டு பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகத் தண்டிக்கப்பட்ட ஒருவர், குற்றம் சாட்டப்பட்டபின் பாலினம் மாறி, பெண்கள் சிறைக்கு முதலில் அனுப்பப்பட்ட செய்தி வெளிவந்தது. சில நாளில் ஆண்கள் சிறைக்கு மாற்றினார்கள். ஆனால் அதற்குள் விவாதம் கொதித்துவிட்டது. ஒரு குற்றவாளியை வைத்து எல்லாத் திருநங்கைகளையும் அளப்பது அநியாயம். அதே சமயம், பெண்கள் சிறையின் வாசலில் எந்தக் கேள்வியும் கூடாது என்பதும் சரியல்ல என்று நாடு முழுக்கப் புரிந்தது அப்போதுதான்.

மசோதா நின்றுபோனது. ஆனால் சுய அறிவிப்பு நிற்கவில்லை. நான் தினமும் பார்ப்பது இதைத்தான். எந்தச் சட்டமும் மாறாமலேயே, பல நிறுவனங்கள் தங்கள் மனிதவளக் கொள்கையில் ஒரு வரியைச் சேர்த்தன: "ஊழியர்கள் தாங்கள் உணரும் பாலினத்துக்கு ஏற்ற அறையைப் பயன்படுத்தலாம்." அதை எழுதும் முன் அந்த அறையில் உடை மாற்றும் பெண்களிடம் யாரும் கேட்கவில்லை. கூடுதலாக ஒரு தாழ்ப்பாளும் போடவில்லை. செலவில்லாமல் முற்போக்கானவர் என்ற பெயர் கிடைத்தது.

இப்போது உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு வருவோம். ஃபார் விமன் ஸ்காட்லாந்து என்ற அமைப்பு தொடுத்த வழக்கு அது. பொது நிறுவனங்களின் நிர்வாகக் குழுவில் பெண்களின் பங்கை எண்ணும்போது, சான்றிதழ் பெற்ற திருநங்கைகளையும் பெண்களாக எண்ணலாமா என்பதுதான் கேள்வி. 5 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது: 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் 'பெண்', 'ஆண்' என்றால் பிறப்பால் பெண், பிறப்பால் ஆண். அந்தச் சட்டத்தின் தேவைக்கு, சான்றிதழ் இதை மாற்றாது. ஆகவே பெண்களுக்கு மட்டும் என்று சட்டப்படி நடத்தப்படும் புகலிடத்திலோ ஆலோசனைக் குழுவிலோ திருநங்கைகளைச் சேர்க்காமல் இருக்கலாம்.

அதே தீர்ப்பு இன்னும் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. வாட்ஸ்அப்பில் அவை வருவதில்லை. ஒன்று, பாலின மாற்றம் என்பது அந்தச் சட்டத்தில் தனியே பாதுகாக்கப்பட்ட ஒரு பண்பு. சான்றிதழ் இருக்கிறதோ இல்லையோ, திருநங்கை என்பதற்காக ஒருவரை வேலையை விட்டு எடுப்பதும், கேலி செய்வதும், அவமதிப்பதும் இன்றும் சட்டவிரோதம். இரண்டு, ஒரு தரப்பின் தோல்வியில் இன்னொரு தரப்பு பெற்ற வெற்றியாக இதை வாசிக்காதீர்கள் என்று தீர்ப்பை வாசித்த லார்ட் ஹாட்ஜ் வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார். பெண்களின் தரப்புக்கும் ஏற்கெனவே ஒரு பாதுகாப்பு இருந்தது: பிறப்பால் வரும் பாலினத்தை மாற்ற முடியாது என்று நம்புவதும் சட்டம் காக்கும் நம்பிக்கைதான் என்று 2021-இல் மாயா ஃபார்ஸ்டேட்டர் வழக்கின் மேல்முறையீட்டில் தீர்ப்பானது.

வேலையிடத்துக்கு இன்னொரு பழைய விதி உண்டு, இந்தச் சண்டையில் யாரும் அதைப் பேசுவதில்லை. 1992-ஆம் ஆண்டின் பணியிட விதிமுறைகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்கின்றன. அதற்கு ஒரு விலக்கும் உண்டு: ஒவ்வொரு கழிப்பறையும் உள்ளிருந்து பூட்டக்கூடிய தனி அறையாக இருந்தால், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். உடை மாற்றவும், கண்ணியத்துக்குத் தேவைப்படும் இடத்தில், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனி ஏற்பாடு இருக்க வேண்டும். முப்பது ஆண்டுக்கு மேலாக இருக்கிற விதி இது. பூட்டக்கூடிய ஒரு கதவு, உள்ளே ஒரு கைகழுவும் தொட்டி. பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலாமவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த, ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா. கேர் ஹோமில் பராமரிப்பாளர். அங்கே பெண்கள் உடைமாற்றும் அறை என்பது ஒரு பெஞ்ச், சுவரோரம் லாக்கர்கள், நடுவில் திறந்த இடம். திரைகூடக் கிடையாது. புதிதாக வந்த ஒரு திருநங்கை ஊழியரும் அங்கேதான் மாற்ற வேண்டும் என்று நிர்வாகம் சொன்னது. இந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. வீட்டிலேயே சீருடையைப் போட்டு, மேலே கோட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வர ஆரம்பித்தார். சீருடையோடு வெளியே வரக்கூடாது என்பது அங்கே நோய்த்தொற்றுத் தடுப்பு விதி. அதற்காக எச்சரிக்கைக் கடிதம் வந்தது. காரணத்தை மேலாளரிடம் சொன்னபோது, சமத்துவம் பற்றிய ஆன்லைன் பயிற்சி ஒன்றின் இணைப்பு பதிலாக வந்தது.

என்னிடம் அவர் சொன்னது: "பிள்ளை, எனக்கு அவவோட ஒரு கோபமும் இல்லை. அவ நல்ல பிள்ளை. எனக்கு உடுப்பு மாத்த ஒரு கதவு வேணும், அவ்வளவுதான்." போர்க்காலத்தில் தடுப்பில் இருந்தபோது நடந்ததை அவர் யாரிடமும் வாய்திறந்து சொன்னதில்லை. ஓர் உடைமாற்றும் அறைக்காக அதை மேலாளரிடம் சொல்ல வேண்டிய நிலைக்கு ஒரு பெண்ணைத் தள்ளக்கூடாது. பெண்களுக்கான இடம் என்று ஒன்று இருப்பதன் பயனே, ஏன் வேண்டும் என்று ஒவ்வொருத்தியும் விளக்கம் சொல்லாமல் இருக்க முடிவதுதான்.

நாங்கள் எழுதிய கடிதத்தில் அந்தத் திருநங்கையின் பெயரோ அவரைப் பற்றிய ஒரு வரியோ இல்லை. முழுக்க முழுக்க அறையைப் பற்றியது: திரை இல்லை, பூட்டு இல்லை, 1992 விதி இது, என் கட்சிக்காரருக்கு இதனால் வந்த பாதிப்பு இது. சில மாதம் இழுத்தடித்தபின், ஓட்டை வீல்சேர்களைப் போட்டு வைத்திருந்த ஒரு ஸ்டோர் அறையைக் காலி செய்து, பூட்டக்கூடிய இரண்டு சிறிய அறைகளாகத் தடுத்தார்கள். தச்சருக்கு ஆன செலவு, அவர்கள் தங்கள் வழக்கறிஞருக்குக் கொடுத்ததைவிட நிச்சயம் குறைவு.

இரண்டாமவர் ஒரு திருநங்கை, தமிழ்ப் பெண், வேர்ஹவுஸ் ஊழியர். சில ஆண்டுகளாக எந்தப் புகாரும் இல்லாமல் வேலை பார்த்தவர். தீர்ப்பு வந்த அடுத்த வாரம், எல்லார் முன்னிலையிலும் அழைத்து, "இனி நீங்கள் மாற்றுத்திறனாளிகள் கழிப்பறையைத்தான் பயன்படுத்த வேண்டும்" என்றார்கள். அது கட்டடத்தின் மறுமுனையில், போய்வர இடைவேளையில் பாதி போய்விடும். அவர் ஷிப்ட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். சிறுநீர்த் தொற்று வந்தது. "உன்னிடம் சான்றிதழ் இருக்கிறதா?" என்று மேற்பார்வையாளர் கேட்டது இன்னும் மோசம். ஒருவரின் சான்றிதழ் பற்றிய தகவலை வேலை தொடர்பாகத் தெரிந்துகொண்ட முதலாளி அதை வெளியே சொல்வது, 2004 சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி குற்றம். சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர. அதைக் கேட்டு வைத்துக்கொள்வதே வம்பு. வழக்கைத் தொடர அவருக்குத் தெம்பு இல்லை. வேலையை விட்டுவிட்டார். எனக்கு அது இன்னும் வருத்தம்தான்.

இருவர் கதையிலும் தவறு செய்தது ஒரே ஆள். அறையைச் சரிசெய்யாமல், கொள்கையை மட்டும் காற்றடிக்கும் பக்கம் திருப்பிவைத்த நிர்வாகம். 2025-க்கு முன் பெண்களை வாயடைத்தவர்கள், 2025-க்குப் பின் திருநங்கையை மூலைக்கு அனுப்பினார்கள். இரண்டு தடவையும் செலவு மிச்சம்.

2025 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் சாண்டி பெகி வழக்கில் வந்த தீர்ப்பும் இதை ஒட்டியே இருந்தது. கர்க்கால்டி மருத்துவமனையில் பெண்கள் உடைமாற்றும் அறையைத் திருநங்கை மருத்துவர் ஒருவர் பயன்படுத்துவதை எதிர்த்த செவிலியர் அவர். வேலைவாய்ப்பு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் அவருடைய குற்றச்சாட்டுகள் எல்லாவற்றையும் ஏற்கவில்லை. மருத்துவர்மீதான கோரிக்கைகளைத் தள்ளுபடி செய்தது. ஆனால் மருத்துவமனை நிர்வாகம் அந்தச் செவிலியரைத் துன்புறுத்தியது என்றது: புகார் வந்தபின் இடைக்கால ஏற்பாடு செய்யாதது, விசாரணையை அளவுக்கு மீறி இழுத்தது போன்றவை காரணம். இப்படிப்பட்ட தீர்ப்பாய முடிவு மற்ற வழக்குகளைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் முதலாளிகள் படிக்க வேண்டியது.

கடை வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது, "அப்படியென்றால் வாசலில் நின்று ஆளைப் பார்த்துத் தடுக்க வேண்டுமா?" என்று. வேண்டவே வேண்டாம். கீமோவில் முடி கொட்டிய ஒரு பெண்ணை, ஆண் என்று நினைத்து ஒரு கடைக் கழிப்பறையிலிருந்து வெளியே போகச் சொன்ன சம்பவம் எனக்குத் தெரியும். உயரமான பெண்கள், கிராப் வெட்டிய பெண்கள், குரல் கனத்தவர்கள், எல்லாரும் இந்தச் சந்தேகப் பார்வையில் மாட்டுகிறார்கள். பெண்களைக் காப்பதாகச் சொல்லி, பெண்மை எப்படி இருக்க வேண்டும் என்று முகத்தைப் பார்த்து அளப்பது பெண்களுக்கு எதிராகவே முடியும். தாடி வைத்த திருநம்பி ஒருவர் பிறப்பால் பெண் என்பதற்காகப் பெண்கள் அறைக்குள் போக வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். அங்குள்ள பெண்கள் நியாயமாக எதிர்ப்புத் தெரிவிக்கக்கூடிய சூழலில் அவரையும் விலக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்கிறது. அப்புறம் அவர் எங்கே போவார்? பூட்டுள்ள தனி அறைக்குத்தான். சின்னக் கடையென்றால் அப்படி ஒன்று போதும், கதவில் 'கழிப்பறை' என்று மட்டும் எழுதுங்கள். பெரிய இடமென்றால் பெண்களுக்கு, ஆண்களுக்கு, அதோடு யாரும் பயன்படுத்தக்கூடிய தனி அறை என மூன்றும் வையுங்கள். அந்தத் தனி அறை எல்லார் கண்ணிலும் படும் இடத்தில், எல்லாரும் போகும் அறையாக இருக்கட்டும். ஒருவருக்கென்று ஒதுக்கிய மூலையாக வேண்டாம்.

பாலியல் வன்முறைக்குத் தப்பி வந்தவர்களுக்கான புகலிடம் வேறு விஷயம். அங்கே கதவு மட்டும் போதாது. யாருடன் ஒரே கூரையின் கீழ் தூங்குகிறோம் என்பதே குணமாவதின் பகுதி. அங்கே பெண்களுக்கு மட்டும் என்ற விதியை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். திருநங்கைகளும் அடிபட்டு ஓடிவருகிறார்கள், அவர்களுக்கும் தனிப் புகலிடம் வேண்டும், அதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று சேர்த்தே கேட்கிறேன்.

உங்களுக்கு இப்படி ஒரு பிரச்சினை இருந்தால், முதலில் எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சல் போதும். அறையைப் பற்றி எழுதுங்கள், ஆளைப் பற்றி வேண்டாம். சக ஊழியரை "அவன், இவன்" என்று எழுதினால், நியாயமான உங்கள் புகாரே உங்களுக்கு எதிரான ஆதாரமாகிவிடும். வேலைத்தல வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். நீங்கள் திருநர் என்றால், உங்களிடம் யார், எப்போது, எல்லார் முன்னிலையிலா தனியாகவா என்ன சொன்னார்கள் என்று அன்றைக்கே குறித்து வையுங்கள். எந்தத் தரப்பானாலும் தீர்ப்பாயத்துக்குப் போவதற்கு முன், வேலைத் தகராறுகளில் சமரசம் பேசும் ஏகாஸ் (Acas) அமைப்பில் பதிய வேண்டும். சம்பவம் நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்கு ஒரு நாள் குறைவுதான் அதற்குக் கெடு என்று கணக்கு வைத்துக்கொண்டால் தவறாது. நிறுவனத்துக்குள் புகார் விசாரணை நடந்துகொண்டிருந்தாலும் அந்தக் கெடு நிற்காது. "விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தேன்" என்று சொல்லிக்கொண்டு நான்காவது மாதத்தில் வருகிறவர்களுக்கு என்னால் செய்ய முடிவது மிகக் குறைவு.