கதிரியக்கக் கழிவு: ஒரு சொல்லின் கதை

'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரின் முகப்புக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பச்சைக் குச்சி மறக்காது. ஸ்பிரிங்ஃபீல்டு அணுமின் நிலையத்தில் ஹோமர் ஒளிரும் குச்சியொன்றை இடுக்கியில் பிடித்திருப்பார். சங்கு ஊதியதும் வேலையைப் போட்டது போட்டபடி கிளம்பிவிடுவார். குச்சி காலருக்குள் விழுந்து அவரோடேயே காரில் வரும். அதை எடுத்துத் தெருவில் எறிவார். 1989 டிசம்பரில் தொடங்கிய தொடரில் இது திரும்பத் திரும்ப வரும் காட்சி. 1990 நவம்பரில் வந்த ஓர் அத்தியாயத்தில், அந்த நிலையத்துக்கு அருகே மூன்று கண் மீன் ஒன்று பிடிபடும். கதிரியக்கக் கழிவு என்றதும் பச்சையாக ஒளிரும் ஏதோ ஒன்று பலர் மனதில் வருவதற்கு இந்தத் தொடரும் ஒரு காரணம். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் வேறு படம் கிடைக்கும்.

கதிர் + இயக்கம் + கழிவு. ஆங்கிலத்தில் 'ரேடியோஆக்டிவ் வேஸ்ட்'. யுரேனிய உப்பு தானாகவே கதிர் விடுவதை 1896இல் பிரெஞ்சு விஞ்ஞானி பெக்கெரல் கண்டார். 1898இல் கியூரி தம்பதியர் அந்தக் குணத்துக்குப் பிரெஞ்சில் 'ரேடியோஆக்டிவ்' என்ற பெயர் வைத்தார்கள். அதன் அடியில் இருப்பது 'ரேடியஸ்' என்ற இலத்தீன் சொல். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலுக்கும் அதுதான் பெயர், ஒளிக்கதிருக்கும் அதுதான் பெயர். சக்கரத்தின் நடுக்குடத்திலிருந்து நாலாபக்கமும் நீளும் ஆரக்கால்களை நினைத்துக்கொண்டால் போதும். நம் கணக்குப் புத்தகத்தில் வட்டத்தின் 'ஆரம்' என்று இருப்பதும் இதே உறவில் வந்ததுதான்.

தமிழில் 'ஆரம்' கணக்கோடு நின்றுவிட்டது, இயற்பியலுக்குக் 'கதிர்' வந்தது. கொங்கு நாட்டில் இது வளமான சொல். காட்டில் சோளக்கதிர், கம்பங்கதிர். நூற்பாலையில் நூல் முறுக்கேறும் கதிர், அதாவது ஸ்பிண்டில். ஓர் ஆலையின் அளவையே இத்தனை ஆயிரம் கதிர்கள் என்றுதான் சொல்கிறோம். வானத்தில் ஞாயிற்றின் கதிர். ஒன்றிலிருந்து நீண்டு வெளிவருவது என்ற எண்ணம் பயிரிலும் ஒளியிலும் பொது. தமிழில் அறிவியல் சொல்ல வேண்டும் என்ற முயற்சியிலும் இந்தப் பகுதிக்குப் பங்கு உண்டு. 1916இல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் கலைச்சொல் ஆக்கத்துக்கென்றே ஒரு கழகம் தொடங்கினார்கள். பிறகு கோவையிலிருந்து ஜி.ஆர். தாமோதரன் நடத்திய அறிவியல் இதழின் பெயர் 'கலைக்கதிர்'.

அடுத்தது இயக்கம். பிழை அதிகம் நடப்பது இங்கேதான். கதிரியக்கம் வேறு, கதிர்வீச்சு வேறு. கதிரியக்கம் என்பது சில அணுக்கருக்கள் நிலையில்லாமல் தாமாகச் சிதையும் குணம். கதிர்வீச்சு என்பது அப்போது வெளியே வருவது. கதிரியக்கமே இல்லாமலும் கதிர்வீச்சு வரும். எக்ஸ்ரே குழாய்க்கு மின்சாரத்தை நிறுத்தினால் கதிர் நின்றுவிடும். கதிரியக்கமுள்ள கோபால்ட்-60க்கு அப்படி ஸ்விட்ச் கிடையாது.

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் பக்குவம் செய்கிறவர்களுக்கு இன்னொரு வேறுபாட்டை எளிதாகச் சொல்லலாம். மஞ்சள் வேகும் கொப்பரை அருகே நின்றால் அனல் அடிக்கும், விலகினால் நின்றுவிடும். மெருகேற்றும் டிரம் அருகே நின்றால் தூள் வேட்டியில் படிந்து வீட்டுக்கும் வரும். முதலாவது கதிர்வீச்சு படுவது, இரண்டாவது கதிரியக்க மாசு படிவது. எக்ஸ்ரே எடுத்த கை கதிர் விடாது. கதிரியக்கச் சீசியத் தூள் படிந்த கை, கழுவும்வரை விடும். செய்திகளில் இரண்டையும் 'கதிர்வீச்சு தாக்கியது' என்று ஒரே வாக்கியத்தில் அடைப்பதால்தான், சிகிச்சையில் வெளியே இருக்கும் கருவியிலிருந்து கதிர்வீச்சு எடுத்துக்கொண்டவரைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளுமோ என்ற வீண் பயம் வருகிறது. 'கதிர்வீச்சுக் கழிவு' என்று எழுதுவதும் இதனாலேயே சரியில்லை. கழிவாகக் கிடப்பது கதிர் அல்ல, கதிரியக்கமுள்ள பொருள்.

பச்சை நிறம் எங்கிருந்து வந்தது? நூறு ஆண்டுகளுக்கு முன் கடிகார முள்ளில் பூசிய ரேடியம் மையிலிருந்து என்பதே பொருத்தமான விளக்கம். அங்கேயும் பச்சையாக ஒளிர்ந்தது ரேடியம் அல்ல, அதோடு கலந்த துத்தநாக சல்பைடு. உண்மையான எரிபொருள், விரல் நுனியளவு கருஞ்சாம்பல் உருளைகள். யுரேனிய ஆக்சைடைச் சுட்டு இறுக்கிய பீங்கான் அது. கல்பாக்கம் போன்ற கனநீர் உலைகளில் அவற்றை உலோகக் குழாய்களில் அடைத்து, 19 குழாய்களை அரை மீட்டர் நீளக் கட்டாகக் கட்டி வைப்பார்கள். உலைக்குள் போகாத கட்டைக் கையுறையோடு தூக்கலாம். உலையிலிருந்து வந்ததைக் காப்பில்லாமல் அருகில் வைத்துக்கொண்டால் சில நிமிடங்களிலேயே உயிர்க்கொல்லி அளவு ஏறிவிடும். ஹோமர் கையில் இருந்தது அதுவென்றால் இடுக்கியின் நீளம் உதவாது. அதனால்தான் அதைப் பல மீட்டர் ஆழத் தண்ணீருக்கடியில் ஆண்டுக்கணக்கில் ஆறவைக்கிறார்கள். அந்தக் குளத்தில் ஓர் ஒளி உண்டு, ஆனால் நீலம்: வேகமான துகள்கள் தண்ணீரில் பாயும்போது எழும் செரன்கோவ் ஒளி.

கழிவு என்ற சொல்லைக் கொங்கு நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கழிவுப்பஞ்சு ஒரு மில்லுக்கு வேண்டாதது, ஓப்பன் எண்ட் மில்லுக்கு அதுவே சரக்கு. அணுத்துறையிலும் அதே கதை. உலையில் தீர்ந்த எரிபொருளை அமெரிக்காவில் கழிவாகக் கணக்கிடுகிறார்கள், ஸ்பிரிங்ஃபீல்டு குச்சியும் அப்படித்தான். இந்தியாவில் அதை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் அமிலக் கரைசலைத்தான் உயர்நிலைக் கழிவு என்கிறோம். அதைக் கண்ணாடித்தூளோடு சேர்த்துச் சுமார் 1000 டிகிரி செல்சியஸில் உருக்கி, துருப்பிடிக்காத எஃகுக் கலனில் ஊற்றி, மூடியைப் பற்றவைத்து மூடுவார்கள். கரைசலில் சல்பேட் மிகுந்தால் கண்ணாடி அதை ஏற்காது. அது மஞ்சள் படலமாகப் பிரிந்து நிற்கும், சீசியமும் அதில் போய்ச் சேரும், அந்தப் படலமோ தண்ணீரில் கரையும். மும்பை டிராம்பேயிலுள்ள அணு ஆராய்ச்சி மையத்தில் இதற்காகவே பேரியம் சேர்த்த கண்ணாடியை உருவாக்கினார்கள். தாழ்நிலைக் கழிவைச் சிமென்ட்டில் கலந்து டிரம்மில் இறுக்குவது வழக்கம். அதில் போரிக் அமிலம் இருந்தால் சிமென்ட் சீக்கிரம் இறுகாது, சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

சாயக்கழிவுக்கும் இதற்கும் முக்கிய வேறுபாடு அரைவாழ்வு, அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம். ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயத்தண்ணீரின் உப்பு நாளாக ஆகத் தானாக அழிவதில்லை. கதிரியக்கம் அழியும், எவ்வளவு நாளில் என்பதுதான் கேள்வி. சீசியம்-137க்கு அரைவாழ்வு 30 ஆண்டு, புளூட்டோனியம்-239க்கு 24,000 ஆண்டுக்கு மேல். தைராய்டு சிகிச்சைக்குத் தரும் அயோடின்-131க்கு எட்டே நாள். பத்து அரைவாழ்வு கடந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே மருத்துவமனைகளில் அந்த நோயாளிகளின் கழிவுநீரைத் தனித் தொட்டியில் தேக்கி, போதிய அளவு குறைந்த பிறகே சாக்கடைக்கு விடுகிறார்கள்.

'அணுக்கழிவு' என்ற குறுஞ்சொல் இங்கே போதாது என்பதும் இதனால்தான். அது அணுமின் நிலையத்தை மட்டும் நினைவூட்டுகிறது. மருத்துவமனைத் தொட்டியில் தேங்குவதும் கதிரியக்கக் கழிவே. வார்ப்படத்தில் விரிசல் பார்க்கக் கதிர் தரும் இரிடியம்-192 வலுவிழந்து கழிக்கப்பட்டால் அதுவும் கதிரியக்கக் கழிவே. இலங்கைப் பாடநூல்களில் கதிரியக்கத்தைக் 'கதிர்த்தொழிற்பாடு' என்பார்கள், அதுவும் நல்ல சொல். எழுதும்போது நடுவில் வரும் 'க்' என்ற ஒற்றெழுத்தை விட வேண்டாம்: 'கதிரியக்க கழிவு' பிழை, 'கதிரியக்கக் கழிவு' சரி.

கோவை பவுண்டரிகளுக்கு இந்தச் சொல் ஏட்டுச் சொல் அல்ல. 2010இல் டெல்லி மாயாபுரியில், பல்கலைக்கழகம் ஒன்று ஏலத்தில் விட்ட பழைய கருவியைப் பிரித்தபோது கோபால்ட்-60 வெளிவந்து ஒருவர் இறந்தார். அப்படி ஒன்று பழைய இரும்போடு பவுண்டரியின் உருக்கு உலைக்குள் போனால், கோபால்ட் உருகிய எஃகோடு கலந்து வார்ப்படத்திலேயே தங்கும். சீசியம் ஆவியாகி, புகைத்தூசி வடிகட்டியில் சேரும். முதலாவதில் சரக்கு முழுதும் கழிவு, இரண்டாவதில் தூசிமூட்டை கழிவு. எனவே பழைய இரும்பு லாரியில் இருக்கும்போதே கதிர்வீச்சு அளவுமானி வைத்துப் பார்ப்பது நல்லது. கனமான ஈயப் பெட்டியிலோ உருளையிலோ கதிரியக்கத்தைக் குறிக்கும் மூவிதழ்ச் சின்னம் தெரிந்தால் வெட்டவோ சுத்தியலால் தட்டவோ கூடாது. ஆட்களை விலக்க வேண்டும். கதிர் விடும் பொருள் சிறியதென்றால், தூரம் இரட்டித்தால் படும் கதிர் கால்பங்காகும். பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். காவல்துறைக்கும் மும்பையிலுள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கும் தகவல் சொல்ல வேண்டும். அது ஒளிரவில்லையே என்று பார்த்துத் துணிந்துவிடக் கூடாது.