சாய்ந்து வரும் கோடு

ஐசியூவில் வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவரைப் பார்க்கப் போனால், நம் கண் முதலில் தேடுவது ஆக்ஸிஜன் அளவைத்தான். கொரோனா காலத்தில் படிந்துவிட்ட பழக்கம் அது. 98 என்று இருந்தால் நிம்மதி. ஆனால் அதே திரையில், வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவைக் காட்டும் இன்னொரு கோடு மேடும் பள்ளமுமாக ஓடிக்கொண்டிருக்கும். மூச்சு போய்வரும் பாதையில் சிக்கல் என்றால் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

நாம் இழுக்கும் காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம்தான். மூச்சை விடும்போது கடைசியாக வரும் காற்றில் அது 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். இந்த வாயு 4.26 மைக்ரோமீட்டர் அலைநீள அகச்சிவப்புக் கதிரை நன்றாக விழுங்கும். வாயுக்களின் இந்தக் குணத்தை 1859-இல் லண்டனில் ஜான் டிண்டால் அளந்து காட்டினார். பூமி சூடாவதற்கும் இதே குணம்தான் காரணம். அந்தக் கோட்டை வரையும் கேப்னோகிராப் கருவியில் ஒரு பக்கம் அகச்சிவப்பு விளக்கு, மறுபக்கம் உணரி. நடுவே மூச்சு கடக்கிறது. ஒளி எவ்வளவு குறைகிறதோ அதை வைத்து வாயுவின் அளவு தெரிந்துவிடும்.

மூச்சை விடத் தொடங்கும்போது முதலில் வருவது, வென்டிலேட்டருக்காகத் தொண்டை வழியே மூச்சுக்குழலில் விட்டிருக்கும் குழாயிலும் மூச்சுப்பாதையிலும் நின்றிருந்த காற்று. அதில் கரியமில வாயு கிடையாது, கோடு தரையிலேயே இருக்கும். அப்புறம் நுரையீரலின் காற்றுப்பைகளில் இருந்த காற்று வந்து சேர, கோடு விறுவிறுவென ஏறி, மேலே கிட்டத்தட்ட சமதளமாக ஓடும். அடுத்த மூச்சு உள்ளே போனதும் சரேலென இறங்கும். பார்க்க ஒரு பெட்டி மாதிரி இருக்கும். இறங்குவதற்கு முந்தைய உச்சி, வாயுவின் அழுத்தக் கணக்கில் 35 முதல் 45 மி.மீ. பாதரசம் என்றால் இயல்பு.

குழாய் கழன்றாலோ முழுதாக அடைத்தாலோ கோடு அடுத்த மூச்சிலேயே தட்டையாகிவிடும். ஆக்ஸிமீட்டரோ, உடலில் இருக்கும் கையிருப்பு தீரும்வரை, சில நேரம் நிமிடக்கணக்கில்கூட, நல்ல எண்ணையே காட்டும். பிரிட்டனில் மூச்சுப்பாதைச் சிக்கல்களைப் பற்றி 2011-இல் வந்த தேசிய ஆய்வு, ஐசியூவில் அப்படிப் பதிவான மரணங்களில் 70 சதவீதத்துக்கு மேல், கேப்னோகிராப் இல்லாததோ அதைச் சரியாகப் பயன்படுத்தாததோ ஒரு காரணம் என்றது. இதைப் படித்த பிறகும் கேப்னோகிராப்பை வசதி இருந்தால் பார்க்கலாம் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

இனி, இந்தப் பாதையை அடைக்கக்கூடிய சளிக்கு வருவோம். மூச்சுக்குழலின் உட்சுவரில் இருக்கும் நுண்முடிகள் நொடிக்கு 10 தடவைக்கு மேல் அடித்துச் சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. தொண்டைக்கு வந்ததை நமக்கே தெரியாமல் விழுங்கிவிடுகிறோம். மிச்சத்தை இருமல் பார்த்துக்கொள்ளும். இருமுவதற்கு முதலில் குரல்நாண்கள் மூடி, உள்ளே அழுத்தம் ஏறி, பிறகு பட்டென்று திறக்க வேண்டும். அவற்றின் நடுவே குழாய் கிடந்தால் எப்படி மூடும்? போதாக்குறைக்கு, ஈரப்பதம் குறைந்த காற்று போனால் சளி கெட்டியாகி நுண்முடிகளும் தளர்ந்துவிடும்.

சளி சேர்ந்து பாதை குறுகும்போது காற்று வெளியே வரத் திணறுகிறது. விறுவிறுவென ஏறிய கோடு இப்போது சாய்ந்து சாய்ந்து ஏறும். பெட்டி, சுறாமீனின் துடுப்பாகிவிடும். ஆஸ்துமாவிலும் இதே வடிவம் வரும் என்பதால் கோட்டை மட்டும் நம்பக் கூடாது. மார்பில் கை வைத்தால் கரகரவென்று உணர்கிறதா, ஸ்டெத்தில் என்ன கேட்கிறது என்றும் பார்ப்பார்கள்.

சளிதான் என்றால் சக்‌ஷன். சளியை உறிஞ்சி எடுப்பதுதான் அது. அதற்காக உள்ளே விடும் மெல்லிய குழாயின் பருமன், பெரியவர்களுக்கு, ஏற்கெனவே இருக்கும் பெரிய குழாயின் உள்விட்டத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. சளியோடு காற்றையும் சேர்த்து அது உறிஞ்சுவதால், பக்கவாட்டில் காற்று உள்ளே வர இடம் வேண்டும். முன்கூட்டியே ஆக்ஸிஜனைக் கூட்டிவிட்டு, 15 நொடிக்குள் வேலையை முடிக்க வேண்டும். மணிக்கு ஒரு தடவை என்று கணக்கு வைத்துச் செய்வதும் தவறு. ஒவ்வொரு தடவையும் உட்சுவர் உரசிப் புண்ணாகலாம்.

கொளகொளவென்ற சத்தத்தோடு மஞ்சள் சளி குழாயில் ஏறிப் போகிறது. நோயாளியின் முகம் சுருங்கி, கண்ணில் நீர் வழிகிறது. செவிலியர் குழாயை வெளியே எடுக்கிறார். இரண்டு மூச்சு, மூன்று மூச்சு. சாய்ந்திருந்த கோடு மறுபடி நிமிர்ந்து ஏறுகிறது.