காட்டில் நட்டிருக்கும் அடையாளக் கொடியைப் பிடுங்காதீர்கள்

ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை, பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜ் பூங்காவில் மரத்தடியில் குனிந்து உட்கார்ந்து, விரல் உயரமே இருக்கும் மரக்கன்றுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பின்னால் சலசலப்பு. திரும்பினால் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன், கையில் ஒரு கொத்து இளஞ்சிவப்புக் கொடிகள், கம்பியோடு. பின்னாலேயே அவன் அப்பா, கையில் குப்பைப் பை. "அங்கதான் போட்டிருக்காங்க பாரு, அதையும் எடு" என்று பையனிடம் தமிழில் சொன்னது காதில் விழுந்தது. அவன் கையில் இருந்தவை அன்று காலை நாங்கள் நட்ட கொடிகள். நட்டது எட்டு, மிச்சம் நின்றது இரண்டு.

"சார், யாரோ விட்டுட்டுப் போன குப்பைன்னு நினைச்சோம்" என்றார் அவர். கோபப்பட முடியவில்லை. பிள்ளைக்கு ஒரு நல்ல பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த மனிதர். ஆனால் எங்களுக்குப் போனது அரை நாள் வேலை. ஃபிலடெல்பியா பக்கத்தில் இருக்கும் நம் ஆட்கள் வார இறுதியில் புளியோதரை கட்டிக்கொண்டு போகிற இடங்களில் இந்தப் பூங்காவும் ஒன்று என்பதால்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கொடி என்ன, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால் யாரும் தொடப்போவதில்லை.

என் வேலை வரைபடம் போடுவது. ஜிபிஎஸ் கருவி, காம்பஸ், டேப் மூன்றோடும் தாவரவியல் ஆட்களின் பின்னால் சுற்றுவேன். "பிளாட் மேப்பிங் பண்றேன்" என்று ஊருக்குப் போன் போட்டுச் சொன்னால், கூடுவாஞ்சேரிப் பக்கம் மனை போட்டு விற்பதாகவே சித்தப்பா இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். இது வேறு பிளாட், அந்தப் பையன் பிடுங்கிய கொடிகள் குறித்ததும் இப்படி ஒன்றைத்தான். காட்டுக்குள் அளந்து வைத்த ஒரு சின்னச் சதுரம் (20 மீட்டருக்கு 20 மீட்டர் என்பது இந்தப் பக்கத்துப் பூங்காக்களில் வழக்கமான அளவு, சில இடங்களில் சதுரத்துக்குப் பதில் 15 மீட்டர் ஆரத்தில் வட்டம் போடுவார்கள்). அதற்குள் இருக்கும் ஒவ்வொரு மரத்தின் விட்டம், ஒவ்வொரு கன்று, தரையில் படர்ந்த ஒவ்வொரு செடி எல்லாவற்றையும் பதிந்துவிட்டுப் போய், சில வருடம் கழித்து அதே சதுரத்துக்கு வந்து மறுபடி பதிய வேண்டும். இந்த "அதே" என்ற சொல்லில்தான் என் பிழைப்பே இருக்கிறது. ஊரில் சர்வே கல்லை ஒருவன் இரவோடு இரவாக இரண்டு அடி நகர்த்தி வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே வாய்க்கால் தகராறு வராது, ஆனால் இருபது வருடக் கணக்கு மொத்தமும் பொய்யாகிவிடும்.

வேலி ஃபோர்ஜ் எதற்காகப் பாதுகாக்கப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கச் சுதந்திரப் போரில் 1777 டிசம்பர் 19 முதல் 1778 ஜூன் 19 வரை ஜார்ஜ் வாஷிங்டனின் படை, சுமார் 12,000 பேர், இங்கே பாசறை போட்டிருந்தது. இங்கே சண்டை எதுவும் நடக்கவில்லை. பலரைக் கொன்றது நோய்தான். குடிசை கட்டவும் குளிர்காயவும் கண்ணில் பட்ட மரத்தையெல்லாம் வெட்டினார்கள். 14 அடிக்கு 16 அடி, ஒரு குடிசைக்குப் பன்னிரண்டு பேர் என்பது வாஷிங்டன் போட்ட கணக்கு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடிசைகள், அத்தனையும் மரத்தடிகளால் கட்டியவை. ஆகையால் இன்று மவுண்ட் ஜாய், மவுண்ட் மிசரி என்ற இரண்டு குன்றுகளிலும் நீங்கள் பார்க்கிற காடு வாஷிங்டன் பார்த்த காடு அல்ல. பின்னால் முளைத்தது. 1893-ல் பென்சில்வேனியாவின் முதல் மாநிலப் பூங்காவாக ஆகி, 1976 ஜூலை 4 அன்று தேசிய வரலாற்றுப் பூங்காவாக மாறியது. ஏறக்குறைய 3,500 ஏக்கர்.

இதில் மான்கள் வந்து சேர்ந்தன, அல்லது மான்களைச் சுற்றி நகரம் வந்து சேர்ந்தது என்று சொல்வது சரி. சுற்றிலும் மால், நெடுஞ்சாலை, குடியிருப்பு. பூங்காவுக்குள் வேட்டை கிடையாது. 2009-ல் எண்ணியபோது ஒரு சதுர மைலுக்கு 241 வெள்ளைவால் மான்கள். காடு தாங்கக்கூடிய அளவாகப் பூங்கா வைத்துக்கொண்டது 31 முதல் 35 வரை. வருகிறவர்களுக்கு மான் கூட்டம் அழகுதான், நானும் போன புதிதில் போட்டோ எடுத்துத் தள்ளியிருக்கிறேன். ஆனால் குனிந்து பார்த்தால் பெரிய மரங்களுக்குக் கீழே அடுத்த தலைமுறை என்று ஒன்றே இருக்கவில்லை. தாத்தா, பாட்டி மட்டும் இருக்கிற வீடு மாதிரி. முளைக்கிற ஓக் கன்று, ஆஷ் கன்று எல்லாம் மான் வாய்க்குள் போய்விட, மானுக்குப் பிடிக்காத ஜப்பானிய ஸ்டில்ட் புல் பாய் விரித்தது போல் பரவியிருந்தது.

இது சும்மா கண்பார்வையில் சொன்ன கதை என்று யாராவது கோர்ட்டில் கேட்டால்? கேட்பார்கள், மானைச் சுடுவதென்றால் இந்த ஊரில் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். அங்கேதான் பிளாட்டுகள் பேசின. 1990-களின் தொடக்கத்திலேயே ஜோடி ஜோடியாகச் சின்னப் பிளாட்டுகள் போட்டு, ஒன்றுக்கு வேலி கட்டி, பக்கத்திலேயே இன்னொன்றை வேலி இல்லாமல் விட்டிருந்தார்கள். அதே மண், அதே நிழல், அதே மழை. வேலிக்குள் கன்று எழுந்தது, வெளியே எழவில்லை. வருடக்கணக்காகச் சேர்த்த இந்த மாதிரிப் பதிவுகள் கையில் இருந்ததால்தான் 2010-ன் இறுதியில் மான் குறைக்கும் திட்டத்தைத் தொடங்க முடிந்தது. கிடைத்த இறைச்சி பசியாற்றும் உணவு வங்கிகளுக்குப் போயிற்று.

சரி, பிளாட்டை எங்கே போடுவது? இதில் புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லாரும் ஒரே தப்பைச் செய்வார்கள். பாதைக்குப் பக்கத்தில், முள் இல்லாத, நல்ல பெரிய மரம் நிற்கிற இடமாகப் பார்ப்பார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கவில்லை நாம். இடத்தை நாம் தேர்ந்தெடுக்கவே கூடாது, கணக்கு தேர்ந்தெடுக்க வேண்டும். பூங்கா முழுவதும் கட்டம் போட்டு, எல்லா மூலைக்கும் பரவும்படி குலுக்கல் முறையில் புள்ளிகளை எடுப்போம். புள்ளி முள்புதருக்குள் விழுந்தால் முள்புதருக்குள் போக வேண்டும், வேறு வழியில்லை. உண்ணி கடிக்கும், மைல்-எ-மினிட் என்கிற முள்கொடி முழங்கையைக் கிழிக்கும் (1930-களில் இதே மாநிலத்தில் யார்க் பக்கம் ஒரு நாற்றுப்பண்ணை வழியாக வந்து குடியேறிய ஆசியக் கொடி அது, எங்கள் ஊர்க்காரன்தானே என்று கருணை காட்டாது).

புள்ளி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் காடாக இருந்தால் மூலைக்கு ஒரு இரும்புக் கம்பியைச் சுத்தியால் அடித்துவிட்டுப் போய்விடலாம். வரலாற்றுப் பூங்காவில் அது நடக்காது. நீங்கள் அடிக்கிற ஒரு அடிக் கம்பி 1778-ல் ஒரு சிப்பாய் அடுப்பு மூட்டிய கல்லின் மேல் இறங்கலாம், அவன் சட்டைப் பொத்தானைப் பிளக்கலாம். மண்ணைத் தோண்டுவது மட்டுமல்ல, மண்ணுக்குள் எதையாவது இறக்குவதும் தொல்லியல் ஆட்கள் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான். 1966-ம் வருடத்து வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. நான் முதன்முதலில் ஒரு வரலாற்றுப் பூங்காவில் வேலைக்குப் போனபோது இதை வெறும் காகிதத் தொல்லை என்று நினைத்து முணுமுணுத்தேன். பிளாட் வரைபடத்தையும் தொல்லியல் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்த அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். மூன்று புள்ளிகள் நேராகப் பழைய குடியிருப்பின் மேலேயே விழுந்திருந்தன.

இன்னொரு வேடிக்கை. நட்ட கம்பியின் மேல் நாலு வருட இலைச்சருகு மூடியிருக்கும், அதைத் தேட மெட்டல் டிடெக்டர்தான் சுலபம். ஆனால் தேசியப் பூங்காக்களில் மெட்டல் டிடெக்டரைக் கையில் வைத்திருப்பதே குற்றம், புதையல் தேடிகள் அவ்வளவு தோண்டியிருக்கிறார்கள். முறையான அனுமதிச் சீட்டு வாங்கிய ஆய்வுக் குழு மட்டும், அதுவும் சொன்ன இடத்தில் சொன்ன வேலைக்கு மட்டும் பயன்படுத்தலாம். நாங்கள் அந்தக் கருவியோடு நடந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் ரேஞ்சருக்குப் போன் போடுவார். போடட்டும், அதுதான் சரி.

கம்பியைக் கண்டுபிடிப்பதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் என் வாழ்க்கையில் அதிகம் வீணான நேரம் இதில்தான். ஜிபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். 2000 மே 2 வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலை வேண்டுமென்றே கெடுத்து அனுப்பியது, 100 மீட்டர் வரைக்கும் தப்பு வரலாம். அதற்கு முன்னால் போட்ட பிளாட்டுக்கெல்லாம் "சாலை வளைவில் இருந்து இத்தனை டிகிரி, இத்தனை மீட்டர், இரட்டை ஓக் மரம்" என்று கையெழுத்துக் குறிப்புதான். அந்த ஓக் செத்துப்போயிருக்கும். இன்றைக்குத் துல்லியமான கருவி இருந்தாலும் ஜூன் மாதத்து இலைக்கூரைக்குக் கீழே சிக்னல் தடுமாறும், ஐந்து பத்து மீட்டர் தள்ளிக் காட்டும். அதனால்தான் இலையுதிர்ந்த பிறகு ஒருமுறை போய் ஆள்கூறுகளைச் சரிபார்த்துவிட்டு வருவது என் வழக்கம்.

அப்புறம் காம்பஸ். தென்கிழக்குப் பென்சில்வேனியாவில் காந்த ஊசி காட்டுகிற வடக்கு உண்மையான வடக்கில் இருந்து சுமார் 12 டிகிரி மேற்கே விலகியிருக்கும். அதைச் சரிசெய்ய மறந்து 30 மீட்டர் நடந்தால் 6 மீட்டருக்கு மேல் தள்ளிப்போய் நிற்பீர்கள், 20 மீட்டர் பிளாட்டுக்கு ஆறு மீட்டர் என்பது அடுத்த வீட்டுக் கொல்லை. எனக்கு இது நடந்திருக்கிறது. வேறொரு பூங்காவில், வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு காலை முழுக்க இல்லாத கம்பியைத் தேடிவிட்டு "யாரோ பிடுங்கிவிட்டார்கள்" என்று அறிக்கையும் எழுதிக்கொடுத்தேன். மறுநாள் வந்த வயதான தாவரவியலாளர் என் காம்பஸை வாங்கித் திருகிவிட்டு நேராக நடந்து போய்க் காலால் சருகைத் தள்ளினார். கம்பி அங்கேயே இருந்தது. அந்த அறிக்கையின் நகல் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

சாய்வில் டேப் பிடிப்பதும் அப்படித்தான். 20 டிகிரி சரிவில் தரையோடு ஒட்டி 20 மீட்டர் அளந்தால் கிடைமட்டத்தில் 18.8 மீட்டர்தான் வரும், பிளாட் சுருங்கிவிடும், மரத்தின் எண்ணிக்கையும் கூடவே சுருங்கும். எண்களை எந்த அடிப்படையில் எழுதியிருக்கிறோம் என்பது இன்னொரு கண்ணி. 1927-ம் வருடத்து வட அமெரிக்க அடிப்படையில் (பூமியின் வடிவத்தை எப்படி எடுத்துக்கொண்டு ஆள்கூறு கணக்கிடுகிறோம் என்பது) எழுதிய பழைய யுடிஎம் எண்ணை, அதாவது மீட்டரில் எழுதும் ஆள்கூறை, 1983-ம் வருடத்து அடிப்படை என்று நினைத்துக் கருவியில் போட்டால் வடக்கு தெற்காகச் சுமார் 200 மீட்டர் தப்பும். பட்டியலின் தலைப்பில் ஒரு வரி எழுதாமல் விட்டதால் ஒரு குழுவே மலையின் மறுபக்கம் போய் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். யார், எந்தப் பூங்கா என்று கேட்காதீர்கள்.

முடிந்த வரைபடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, புள்ளிகளுக்கு வேறு வேறு குறி போடுங்கள் என்பதைத் தவிர. தாவர வகையைப் பிரிக்க ஒரே தடவை பார்த்த பிளாட் வேறு, வரைபடம் சரியா என்று சோதிக்கப் போன புள்ளி வேறு, நாலு வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் போகிற நிரந்தரப் பிளாட் வேறு. மூன்றையும் ஒரே பச்சைப் பொட்டாக வைத்த படத்தைப் பார்த்தாலே எனக்குத் தலைவலி வரும்.

நண்பர்கள் சிலர் "சுவாரஸ்யமா இருக்கே, அந்த லொக்கேஷன் அனுப்பு, போய்ப் பார்க்கிறோம்" என்பார்கள். அனுப்ப மாட்டேன். நாலு பேர் போய் நடந்தாலே அங்கே மண் இறுகும், காலணியில் ஒட்டிய ஸ்டில்ட் புல் விதை உதிரும், பிளாட்டுக்குள் இருக்கும் காடு வெளியே இருக்கும் காடு போல் இருக்காது. அமெரிக்கக் காட்டுத்துறை நாடு முழுக்க வைத்திருக்கும் பிளாட்டுகளின் இடத்தை வெளியிடும்போது வேண்டுமென்றே அரை மைல், ஒரு மைல் வரை தள்ளியே காட்டுகிறது. ஜின்செங் மாதிரிக் காசுக்குப் போகிற மூலிகை இருக்கிற இடம் என்றால் தேசியப் பூங்காக்கள் அதை மறைத்து வைக்க 1998-ம் வருடச் சட்டமே அனுமதி தருகிறது.

ஆகவே நடைபாதையை விட்டு இறங்காதீர்கள். கம்பி நுனியில் கொடி, தரையில் மஞ்சள் மூடி போட்ட இரும்பு, மரத்தில் எண் பொறித்த அலுமினிய வில்லை, சின்ன வேலி, எதைப் பார்த்தாலும் அது யாரோ திரும்பி வரப்போகிற இடம். கீழே விழுந்து கிடந்தாலும் எடுக்க வேண்டாம், அது விழுந்த இடமே எங்களுக்கு ஒரு தகவல். சந்தேகமாக இருந்தால் ஒரு போட்டோ எடுத்து வருகையாளர் மையத்தில் காட்டுங்கள். பிளாஸ்டிக் பாட்டில், சிப்ஸ் கவர் எல்லாம் தாராளமாகப் பொறுக்குங்கள், புண்ணியமாகப் போகும்.

அன்றைக்குக் கொடிகளை மறுபடி அளந்து நட்டு முடிக்கும்போது மணி நாலரை. நடுவில் ஒரு பெரிய டூலிப் மரத்தில் அலுமினிய வில்லையைக் காணோமே என்று தடவிப் பார்த்தேன். மரம் பருத்து ஆணியையும் வில்லையையும் பாதிக்கு மேல் விழுங்கியிருந்தது, எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் பட்டைக்கு வெளியே தெரிந்தது. ஆணியை முழுக்க அடித்து இறக்காமல் இரண்டு விரல் அளவு வெளியே விட வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறோம். அடித்தது யார் என்று பழைய தாளைப் புரட்டினேன். என் கையெழுத்து.