ஈஸி ரன் எப்படிக் கெடுகிறது?

நெதர்லாந்தில் பந்தயக் குதிரைகளை வைத்து நடத்திய ஒரு பயிற்சிச் சோதனையின் முடிவு 1994-இல் வெளியானது. கடினமான நாட்களின் சுமையை மாதக்கணக்கில் ஏற்றிக்கொண்டே போனபோதும் குதிரைகள் தாக்குப்பிடித்தன. இடையிடையே வரும் இலகுவான நாட்களின் சுமையையும் ஏற்றத் தொடங்கியதும் தளர்ந்துபோயின.

மாரத்தானுக்குத் தயாராகும் மனிதர்களும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பயிற்சியாளர் மெதுவாக ஓடச் சொன்ன 'ஈஸி ரன்' நாளில் கொஞ்சம் வேகமாக ஓடிவிடுவார்கள். கால் கனத்துப்போவதால் வேகமாக ஓட வேண்டிய நாளில் வேகம் வராது. எல்லா நாளும் ஒரே நடுத்தர வேகத்தில் போய் நிற்கும்.

இதை எண்ணால் பிடிக்க அமெரிக்க உடற்பயிற்சி விஞ்ஞானி கார்ல் ஃபாஸ்டர் ஒரு கணக்குத் தந்திருக்கிறார். ஓடி முடித்து அரை மணி நேரம் கழித்து, 'இன்று எவ்வளவு கடினம்?' என்று 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். முடித்த கையோடு போட்டால் கடைசி ஐந்து நிமிடத்துக்குத்தான் மதிப்பெண் விழும். அந்த எண்ணை ஓடிய நிமிடங்களால் பெருக்கினால் அன்றைய சுமை கிடைக்கும். ஏழு நாட்களின் சராசரிச் சுமையை அவற்றின் திட்ட விலக்கத்தால் (நாளுக்கு நாள் சுமை எவ்வளவு மாறுகிறது என்பதைக் காட்டும் எண்) வகுத்தால் வருவது 'ஒரே மாதிரித்தன்மை'. இது 2-ஐத் தாண்டினால் எச்சரிக்கை. வாரச் சுமையை இதனால் பெருக்கினால் வருவது உடல்மேல் விழும் மொத்த அழுத்தம்.

இரண்டு வாரங்களைப் போட்டுப் பார்க்கலாம். முதல் ஓட்டக்காரர் ஆறு நாளும் 50 நிமிடம், கடினம் 5, ஒரு நாள் ஓய்வு. வாரச் சுமை 1,500. ஒரே மாதிரித்தன்மை ஏறத்தாழ 2.4, அழுத்தம் ஏறத்தாழ 3,600.

இரண்டாமவர் திங்கள் ஓய்வு. செவ்வாய் இன்டர்வெல் (வேக ஓட்டமும் மெது ஓட்டமும் மாறி மாறி) 60 நிமிடம், கடினம் 7. புதன் 60, வியாழன் 50, சனி 40 நிமிடம், மூன்று நாளும் கடினம் 2 மட்டுமே. வெள்ளி டெம்போ (ஒரே சீரான, சற்றுக் கடினமான வேகம்) 50 நிமிடம், கடினம் 6. ஞாயிறு லாங் ரன் 120 நிமிடம், கடினம் 4. கூட்டிப் பாருங்கள், இங்கும் 1,500 தான். ஆனால் ஒரே மாதிரித்தன்மை ஏறத்தாழ 1.2, அழுத்தம் ஏறத்தாழ 1,800. முதலாமவரைவிட 80 நிமிடம் அதிகம் ஓடியும் பாதி அழுத்தம்தான்!

காரணம் உடலுக்குள் இருக்கிறது. கடினமாக உழைக்கும் தசை வெளிவிடும் லாக்டேட் ரத்தத்தில் ஏறத் தொடங்கும் முதல் எல்லைக்குக் கீழே ஓடினால், நன்கு பழகிய வீரர்களின் தன்னியக்க நரம்பு மண்டலம் (இதயத்துடிப்பு போன்றவற்றைத் தானாக இயக்குவது) ஓட்டம் முடிந்த சில நிமிடங்களிலேயே இயல்புக்குத் திரும்புகிறது. நார்வேயில் பணியாற்றும் ஸ்டீஃபன் சைலரின் குழு 60 நிமிடம், 120 நிமிடம் இரண்டையும் அளந்து பார்த்தது. நேரம் இரட்டிப்பானதால் பெரிய வேறுபாடு இல்லை. அந்த எல்லையைத் தாண்டி ஓடியபோதுதான் மீட்சி தள்ளிப்போனது. நடுத்தர வேகம் அந்த விலையை வாங்கிக்கொண்டு, இன்டர்வெல் தரும் பலனைத் தராமல் போய்விடுகிறது.

தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கு வேறு கணக்கு. கடும் சுமைக்குப் பின் முதல் ஒன்றரை நாள் வரை அதில் கொலாஜன் என்ற புரதம் உருவாவதைவிடச் சிதைவதே அதிகம். அதனால்தான் இரண்டாமவரின் அட்டவணையில் செவ்வாய், வெள்ளி, ஞாயிறு ஒவ்வொன்றுக்கும் இடையே குறைந்தது 48 மணி நேரம் இருக்கிறது. குதிகால் நரம்பு வலி என்று நாம் சொல்வது பல நேரம் இந்த இடைவெளியைத் தின்றதன் விளைவு. மூச்சு தேறிவிட்டது என்பதால் தசைநாணும் தேறிவிட்டதாக நினைப்பது தவறு.

தசைக்கு எரிபொருளும் வேண்டும். தசையில் ஏறத்தாழ 400 கிராம், கல்லீரலில் 100 கிராம் கிளைகோஜன், அதாவது சேமித்த மாவுச்சத்து, இவ்வளவுதான் நம் கையிருப்பு. லாங் ரன் அதைப் பெருமளவு வழித்துவிடும். நன்றாகச் சாப்பிட்டாலும் மீண்டும் நிரம்ப ஒரு நாளாவது ஆகும். எடை குறைக்கிறேன் என்று ஞாயிறு மதியம் சோற்றைத் தவிர்ப்பவர், செவ்வாய் இன்டர்வெல்லில் கால் ஏன் நகரவில்லை என்று ஷூவைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

ஈஸி ரன்னில் வாட்ச் காட்டும் வேகத்தை நம்ப வேண்டாம். சென்னை போன்ற புழுக்கமான ஊரில் வியர்வை சரியாக ஆவியாகாது; சூட்டைத் தணிக்கத் தோலுக்கு ரத்தம் திரும்பிவிடும், டிசம்பரில் இலகுவாக இருந்த அதே வேகம் மே மாதம் இதயத்தைக் கூடுதலாக உழைக்க வைக்கும். ஓடிக்கொண்டே ஒரு குறளைச் சொல்லிப் பாருங்கள். ஏழு சீரும் இடையில் மூச்சு வாங்காமல் வந்தால் சரி. நான்காம் சீரில் திணறினால் வேகத்தைக் குறையுங்கள், தேவைப்பட்டால் நடங்கள். பின்னால் வந்தவர் முந்திப் போகட்டும்.

எழுந்ததும் படுக்கையிலேயே நாடியை எண்ணிக் குறித்து வையுங்கள். வழக்கத்தைவிட 5 முதல் 7 துடிப்பு கூடுதலாக இருந்து, தூக்கமும் கெட்டிருந்தால் அன்றைய இன்டர்வெல்லை 40 நிமிட ஈஸி ரன்னாக மாற்றிவிடுங்கள். விட்டுப்போன இன்டர்வெல்லை மறுநாள் சேர்த்துச் செய்யக் கூடாது. காய்ச்சல் இருந்தால் ஓட்டமே வேண்டாம்.