மூளையை உருவாக்கும் மரபணுக்கள் கட்டியை வளர்க்கும்போது

காலையில் எழுந்ததும் தலையிடி, வெறும் வயிற்றிலேயே சத்தி. பிறகு பகல் முழுவதும் பிள்ளை ஓடியாடித் திரியும். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் இப்படி அழைத்துவரப்படும் பிள்ளைகள் பலருக்கு அதற்குமுன்பே பூச்சி மருந்து கொடுத்து, நாவூறும் கழித்திருப்பார்கள். பெரும்பாலானோருக்குப் பாரதூரமாக எதுவும் இருப்பதில்லை. ஆனாலும் கிளினிக் தரையின் ஓட்டுக்கோட்டில், குதிகாலோடு மறுகாலின் பெருவிரல் தொட நடக்கவைத்துப் பார்க்காமல் நான் எவரையும் அனுப்புவதில்லை. உடல் சமநிலையைப் பேணும் சிறுமூளையில் கட்டி உள்ள பிள்ளை சில அடிகளிலேயே கால்களை அகட்டிக்கொள்ளும். கை சுவரைத் தேடும்.

சிறுவர்களின் வீரியமான மூளைப் புற்றுநோய்களில், சிறுமூளையில் எழும் மெடுல்லோபிளாஸ்டோமா முக்கியமானது. அது உறுதியானதும் தாய்மார் கேட்பது ஒன்றைத்தான்: "டொக்டர், வயிற்றில் இருந்தபோது நான் ஏதும் பிழை விட்டேனா?"

இல்லை அம்மா. நீங்கள் உண்டதோ, தூக்கிய குடமோ, பிள்ளை விழுந்து அடிபட்டதோ காரணமில்லை.

கருவில் மூளையையும் விரல்களையும் உருவாக்கும் மரபணுக்களில் ஒன்று சொனிக் ஹெட்ஜ்ஹொக். இந்த மரபணுக் குடும்பத்தின் முதல் மரபணு பழ ஈயில்தான் அடையாளம் காணப்பட்டது. அந்த ஆய்வுக்கு 1995இல் நோபல் பரிசு கிடைத்தது. சிறுமூளையின் வெளிப்புறப் படலத்திலுள்ள இளம் கலங்களைப் பெருகச் செய்வது இதன் சமிக்ஞை. பிறந்த பிறகும் சில மாதங்கள் அந்தப் பெருக்கம் தொடரும், பின்னர் அடங்கும். அதை அடக்கிவைக்கும் பி.ரி.சி.எச்.1 என்ற மரபணு பழுதானால் கலங்கள் முதிராமல் பெருகிக்கொண்டே போகும். மெடுல்லோபிளாஸ்டோமாவின் ஒரு வகை இப்படித்தான் பிறக்கிறது. கரு வளர்ச்சியின் இன்னொரு பாதையான டபிள்யூ.என்.ரி. வழியே வரும் வகையோ சிகிச்சைக்கு மிக நன்றாக இணங்கும். ஆகவே கட்டியை அகற்றியதோடு நிற்காமல், அதன் மரபணு வகையையும் கேட்டறிய வேண்டும்.

சொனிக் ஹெட்ஜ்ஹொக்கின் சமிக்ஞையை நேரே தடுக்கலாமே என்று தோன்றும். விஸ்மொடெகிப் என்ற மருந்து அதைத்தான் செய்கிறது. ஆனால் வளரும் பிள்ளையின் எலும்புகளுக்கும் அதே சமிக்ஞை வேண்டும். மருந்தால் எலும்பு முனைகளின் வளர்ச்சித் தட்டுகள் காலத்துக்கு முன்பே மூடி, உயரம் நின்றுபோன பிள்ளைகள் உண்டு. இந்த நோயின் கொடுமை எனக்கு இங்கேதான் உறைக்கிறது: நோய் கையில் எடுத்திருப்பது பிள்ளை வளரத் தேவையான ஒன்றையே.

பெரியவர்களுக்கு வரும் கிளையோபிளாஸ்டோமா என்ற வீரியமான மூளைக் கட்டியிலும் சொக்ஸ்2 போன்ற கருக்கால மரபணுக்கள் செயற்படுகின்றன. அவை தூண்டும் தண்டுக்கலம் போன்ற கலங்கள் கதிர்வீச்சுக்கும் தப்பிக் கட்டியை மீண்டும் வளர்க்கின்றன.

அடுத்த பிள்ளைக்கும் வருமா என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். பெரும்பாலும் வராது, பழுது அந்தக் கட்டியின் கலங்களோடு நின்றுவிடும். மிகச் சிறு வயதில் வந்திருந்தால், அல்லது குடும்பத்தில் வேறு சிலருக்கும் இளவயதிலேயே புற்றுநோய் வந்திருந்தால், பரம்பரைப் பழுது உண்டா என்று மரபணு ஆலோசனை கேளுங்கள்.