மார்ச்சில் வந்த பணமும் மே மாதத்தில் செத்த செடிகளும்

போன ஜூனில், பள்ளி திறந்த மூன்றாம் நாள், ஒரு நடுநிலைப் பள்ளித் தோட்டத்தைப் பார்க்கப் போனேன். வாசலில் இரும்பு வளைவு. அதில் பச்சை எழுத்தில் பள்ளியின் பெயர், நிதி கொடுத்தவர் பெயர், திறந்து வைத்தவர் பெயர். உள்ளே காய்ந்த கத்தரிக் குச்சிகள், எலி கடித்த சொட்டுநீர்க் குழாய், வெயிலில் பொடிந்துபோன வளர்ப்புப் பைகள். ஆட்டுப் புழுக்கை மட்டும் தாராளமாகக் கிடந்தது. அந்த வருடம் அந்த மண்ணுக்குக் கிடைத்த ஒரே நல்ல உரம் அதுதான்.

தோட்டத்துக்கு மானியமாகக் கொடுத்தது 20,000 ரூபாய். பில்களைப் புரட்டினேன். வளைவுக்கு மட்டும் 7,500. மற்றபடி கணக்கில் ஒரு குறையும் இல்லை. நாற்று நட்ட தேதி மார்ச் 27.

தலைமையாசிரியர் நல்ல மனிதர். தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: "மேடம், இந்த மண்ணு சரியில்லை. அடுத்த முறை கொஞ்சம் கூட்டிக் கொடுத்தீங்கன்னா உரம் போட்டுச் சரி பண்ணிடலாம்."

சிறு மானியம் வாங்கிய தோட்டங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. இதே வசனத்தை இந்தக் கோடையில் மட்டும் நான்கு இடங்களில் கேட்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மண்ணைக் குறை சொல்லாதீர்கள். பங்குனி வெயிலில் தக்காளி நட்டால் பூ உதிரத்தான் செய்யும். மிளகாயில் இலைப்பேன் ஏறி இலை சுருளும். வெண்டையில் வெள்ளை ஈ வரும், அது மஞ்சள் நரம்பு நோயைக் கொண்டுவரும். எத்தனை மூட்டை மண்புழு உரம் கொட்டினாலும் இது மாறாது. ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் பாட்டிமார் சொன்னது பள்ளிக்கூடச் சுவரில் எழுதி வைப்பதற்காக அல்ல. நாமோ நிதியாண்டு முடிகிறதே என்று விதைக்கிறோம். 31-ஆம் தேதிக்குள் செலவு காட்ட வேண்டும், பணம் சரியாகச் செலவானது என்று பயன்பாட்டுச் சான்றிதழ் போக வேண்டும், புகைப்படம் ஏற்ற வேண்டும். சரி, அதற்கு எதற்கு நாற்று? இரண்டு வாரத்தில் முழு ஆண்டுத் தேர்வு, அது முடிந்தால் பள்ளிக்குப் பூட்டு. வருடத்திலேயே செடிக்கு மிக மோசமான இரண்டு மாதம், யாருமே இல்லாத இரண்டு மாதம். இரண்டும் ஒன்றே என்பது விண்ணப்பம் எழுதும்போது ஒருவருக்கும் உறைப்பதில்லை.

"சொட்டுநீர் போட்டிருக்கிறோமே" என்பார்கள். சொட்டுநீர்க் குழாய் தண்ணீரைச் சுரக்காது. தொட்டியை ஒருவர் நிரப்ப வேண்டும், வால்வை ஒருவர் திறக்க வேண்டும், போர்வெல் தண்ணீரின் உப்பு அடைத்த துளைகளை ஒருவர் சுத்தம் செய்ய வேண்டும். அந்த ஒருவர் யார்?

அந்தப் பள்ளியிலும் பிழைத்துக் கிடந்தவை உண்டு. சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் இரண்டு பப்பாளி, ஒரு வாழை, சமையலர் அக்கா ஊன்றிய ஒரு முருங்கைப் போத்து. லீவில் யார் பார்த்துக்கொண்டது என்று கேட்டேன். "என் வீடு பின்தெருதானே, ஆட்டைத் தேடி வர்றப்போ ரெண்டு குடம் ஊத்துவேன்" என்றார். எந்த பில்லிலும் அந்த அக்காவின் பெயர் இல்லை. திட்டக் குழுவிலும் இல்லை.

மார்ச்சில் பணம் வந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? வேண்டாம். கோடையில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. குளம் வற்றிக் கிடக்கும் மாதம் அது. அனுமதி வாங்கி இரண்டு டிராக்டர் வண்டல் அடியுங்கள். கோடை மழை பெய்த ஈரத்தில் ஒரு உழவு போடுங்கள். வேலியை முடியுங்கள். வேலி இல்லாத தோட்டம் ஆட்டுக்கு வைத்த விருந்து. ஓரமாகக் கிளுவையோ நொச்சியோ வைக்க மழை வரும்வரை பொறுக்கலாம், முள்கம்பி இப்போதே கட்டலாம். உரக்குழி வெட்டிச் சருகைப் போட்டு மூடுங்கள். இவை எல்லாவற்றுக்கும் பில் உண்டு, புகைப்படமும் எடுக்கலாம். மண்புழுத் தொட்டி மட்டும் இப்போது வேண்டாம். தகரக் கூரையின் கீழ் மே மாதத்தில் புழுக்கள் வெந்து சாவதைப் பார்த்திருக்கிறேன்.

ஜூனில் பள்ளி திறந்ததும் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டோ சணப்போ விதையுங்கள். 40, 45 நாளில் பூக்கும் நேரத்தில் மடக்கி உழுதுவிடுங்கள். அதற்குள் ஆடி வந்துவிடும். அது மட்கப் பத்து நாள் விட்டுவிட்டு வெண்டை, கொத்தவரை, அவரை, சுரை என்று இறங்கினால் ஆவணி, புரட்டாசியில் சத்துணவுக்குக் காய் வரும். வெண்டை 45 நாளில் பறிப்புக்கு வந்துவிடும், பிள்ளைகளுக்குப் பொறுமை போவதற்குள். ஐப்பசி மழைக்கு முன் பாத்தியை மேடாக்கிவிடுங்கள். தையில் கீரை மட்டும் போதும். சிறுகீரை 25 நாளில் கைக்கு வரும், தேர்வுக்கு முன்பே கணக்கு முடிந்துவிடும். மே மாதத்தைத் தாண்ட வேண்டியவை முருங்கை, கறிவேப்பிலை, அகத்தி மாதிரியானவைதான். அவற்றையும் கழுவுநீர் ஓடும் பக்கமாக வையுங்கள்.

தென்னை நார்க்கழிவுக் கட்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதை நன்றாக அலசி உப்பை இறக்காமல், மட்க வைக்காமல் அப்படியே பையில் நிரப்பாதீர்கள். பச்சை நார்க்கழிவில் கரிமமும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) 100-க்கு 1 என்ற அளவைத் தாண்டி இருக்கும். அது மட்குவதற்குச் செடியின் தழைச்சத்தைத்தான் பிடுங்கும். பிறகு இலை மஞ்சளாகிறது என்று எனக்குப் போன் வரும்.

பணம் கொடுப்பவர்களையும் திட்டியாக வேண்டும். தொகை சிறியதுதான். பள்ளிக் காய்கறித் தோட்டத்துக்கென மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பள்ளிக்குச் சராசரியாக 5,000 ரூபாய் என்றுதான் இருக்கிறது. 5,000 ரூபாயில் நல்ல தோட்டம் போட்ட பள்ளிகளை எனக்குத் தெரியும். தொகை குறைவாக இருப்பதைவிடத் தவறான மாதத்தில் வருவதுதான் தோட்டத்தைக் கெடுக்கிறது. தனியார் அறக்கட்டளைகளுக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை என்ற கட்டாயம் என்ன? ஜூனிலிருந்து மே வரை என்று திட்டக் காலத்தை மாற்றுங்கள். வேலிக்கும் மண்ணுக்கும் ஒரு தவணை, விதைக்கும் ஆள் கூலிக்கும் இரண்டாம் தவணை. ஆள் கூலி என்றதும் முகம் சுளிக்காதீர்கள். வளைவுக்கு 7,500 கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு, லீவு இரண்டு மாதமும் தண்ணீர் ஊற்றும் அக்காவுக்கு 2,000 கொடுக்க ஏன் கை வருவதில்லை?

வாங்குகிறவர்கள் கேட்கப் பயப்படுகிறீர்கள், அதுவும் எனக்குப் புரிகிறது. கூடுதல் பணம் கேட்காமல் காலத்தை மட்டும் நீட்டிக் கேட்பது குற்றமில்லை. ஒரு பக்கக் கடிதம் போதும். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அதை விட்டுவிட்டு, செடி நடாமலேயே நாற்றுக்கு பில் போடுவது, பக்கத்துத் தோட்டத்தில் நின்று படம் எடுப்பது எல்லாம் வேண்டாம், தயவுசெய்து. இருப்பிடம் பதிவாகும் புகைப்படத்தில் இந்த வேலை பலிக்காது. அப்படி ஒரு முறை மாட்டிய ஆசிரியர் ஒருவர் அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. கிராமக் குழுக்களுக்கு இன்னொன்று: வெளிநாட்டு நிதி வாங்கும் தொண்டு நிறுவனம் அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தர வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு வழியில்லை. "எங்க கணக்குக்கு மாத்தி விடுங்க" என்று அவர்களை நெருக்காதீர்கள்.

நான் சரிபார்க்கும் விண்ணப்பப் படிவத்தில் இந்த வருடம் ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறேன்: மே மாதம் தண்ணீர் ஊற்றுபவர் யார், அவர் வீடு எங்கே இருக்கிறது? நேற்று வந்த முதல் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் "போர்வெல் உள்ளது" என்று எழுதியிருந்தார்கள். திருப்பி அனுப்பிவிட்டேன்.