பிரஷர் மாத்திரையும் ஒரு நாள் பேரும்

எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்களின் கொப்பியைப் புரட்டினால் ஒரு விஷயம் கண்ணில் படும். இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகத் தேதி விழுந்திருக்கும், மாத்திரை எழுதியிருக்கும். அப்புறம் வெறுமை. மீண்டும் எப்போதோ ஒரு தேதி, பக்கத்தில் 180/110 என்று ஒரு பிரஷர். தேயிலை மலையில் கொழுந்து கூடுகிற மாதங்கள் எவை என்று அந்த வெறுமையை வைத்தே சொல்லிவிடலாம். "கிளினிக் வந்தா அன்னிக்குப் பேர் போயிரும் மிஸ்" என்பார்கள். பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு விழுகிற பதிவு, அந்த நாள் சம்பளம். பொகவந்தலாவையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ விடிய பஸ் ஏறி, நம்பர் எடுத்து, மருந்துக்கு வரிசையில் நின்று வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். வலியே இல்லாத ஒரு நோய்க்காக ஒரு நாள் சம்பளத்தை விடு என்று நாங்கள் சொல்கிறோம். அவர்கள் கணக்குப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கு முட்டாள்தனமானது என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

அதனால் இருதயம், இரத்தக் குழாய் நோய்கள் பற்றிப் புதிய ஆய்வு ஏதாவது வந்தால் நான் அதில் முதலில் தேடுவது இதைத்தான்: பேரை இழக்காமல் ஒருவர் மருந்தில் நிலைத்து நிற்க இதில் வழி இருக்கிறதா? கடந்த பத்து வருடங்களில் வந்த நல்ல பதில்களில் இரண்டு, நம் இலங்கை நோயாளிகளை வைத்தே கிடைத்தவை. அது பலருக்குத் தெரியாது.

அதற்கு முன் ஒரு நம்பிக்கையைப் பற்றிப் பேசிவிடுகிறேன். "மலை ஏறி எறங்குற ஒடம்பு, எங்களுக்கு எதுக்கு ஹார்ட் வியாதி வரப்போவுது?" உடலுழைப்பு இருதயத்துக்கு நல்லது என்பதால் இந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் 2021இல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் 104,046 பேரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு வெளியானது. ஓய்வு நேரத்தில் நடப்பவர்களுக்கும் விளையாடுபவர்களுக்கும் மாரடைப்பும் பாரிசவாதமும் (பக்கவாதம்) குறைவாக இருந்தன. வேலையிலேயே உடம்பை மிகக் கடுமையாக வருத்துகிறவர்களுக்கோ, உடலுழைப்புக் குறைந்த வேலை செய்கிறவர்களைவிட 35 வீதம் கூடுதலாக இருந்தன. இந்த வகை ஆய்வு காரணத்தை நிரூபித்துவிடாது, டென்மார்க் தொழிலாளி நம் மலைத் தொழிலாளியும் அல்ல. இருந்தாலும் எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. விரும்பி அரை மணி நேரம் நடப்பது ஒன்று. பாரத்தோடு நாள் முழுக்க நின்று, போதிய ஓய்வில்லாமல் மறுநாளும் அதையே செய்வது வேறொன்று. இரண்டாவதில் இரத்த அழுத்தம் மணிக்கணக்காக உயர்ந்தே இருக்கிறது.

அழுத்தம் உயர்ந்தே இருந்தால் உள்ளே நடப்பது மெதுவான வேலை. இரத்தக் குழாயின் உட்சுவர் காயப்படுகிறது, காயப்பட்ட இடத்தில் கொழுப்புப் படிகிறது, சுவர் தடித்து நெகிழ்ச்சியை இழக்கிறது. அந்த இறுகிய குழாய்களுக்குள் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இருதயத்தின் இடது அறையின் தசையும் தடிக்கிறது. இதற்கெல்லாம் பத்து, இருபது வருடம் ஆகும். அவ்வளவு காலமும் பெரும்பாலானவர்களுக்குத் தலைவலி வராது, தலை சுற்றாது. "தல சுத்துனா மட்டும் மாத்திர போடுவேன்" என்கிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று, பிரஷர் பெரிதாக இறங்கினால்தான் பலன் என்று பலர் நினைக்கிறார்கள். 48 மருந்துப் பரிசோதனைகளில் பங்கேற்ற 344,716 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து 2021இல் வந்த முடிவு வேறு. மேல் அழுத்தம், அதாவது 180/110 என்பதில் முதல் எண், வெறும் 5 புள்ளி குறைந்தாலே மாரடைப்பு, பாரிசவாதம் போன்ற பெரிய ஆபத்துகள் ஏறக்குறைய 10 வீதம் குறைகின்றன. ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கும் சரி, இதுவரை ஒன்றும் வராதவருக்கும் சரி. ஐந்து புள்ளி என்பது எவ்வளவு சிறியது என்பதைக் கவனியுங்கள். கிளினிக்கில் கையை எப்படி வைத்தோம் என்பதிலேயே அவ்வளவு வித்தியாசம் வந்துவிடும்.

(கையைப் பற்றிச் சொன்னதால்: 2024இல் அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள் இதை அளந்தே பார்த்தார்கள். கையை மேசையில் நெஞ்சு மட்டத்தில் வைக்காமல் மடியில் வைத்தால் மேல் அழுத்தம் 4 புள்ளி வரை கூடுதலாகக் காட்டியது. தொங்கவிட்டால் 6 புள்ளிக்கு மேல். நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குளிருக்குப் போட்ட சுவெட்டரைக் கழற்றாமல் அதன் மேலேயே பட்டியைக் கட்டுவது. ஏற்றம் ஏறி வந்த மூச்சோடு அளப்பது. ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கையை வெறுமையாக்கி, பேசாமல் இருந்து அளக்க வேண்டும். அப்படிச் செய்யாத அளவை நம்பி மாத்திரையைக் கூட்டுவதும் தவறு, குறைப்பதும் தவறு.)

சரி, நம் நாட்டு ஆய்வுக்கு வருவோம். வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளில் நாட்டுக்குப் பத்தாக 30 கிராமப்புறச் சமூகங்களில், பிரஷர் உள்ள 2,645 பேரை வைத்துச் செய்த ஆய்வு அது. இலங்கைப் பகுதியைக் களனிப் பல்கலைக்கழகத்தினர் பார்த்தார்கள். பாதி இடங்களில் வழமையான சிகிச்சை. மறுபாதியில் சமூக சுகாதாரப் பணியாளர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போனார்கள், பிரஷர் பார்த்தார்கள், மாத்திரை போடுகிறாரா என்று கேட்டார்கள், உப்பைப் பற்றிப் பேசினார்கள், அழுத்தம் கட்டுப்படாதவரை டொக்டரிடம் அனுப்பினார்கள். அரசாங்கக் கிளினிக்குகளில் பிரஷர்காரர்களை வரவேற்று வழிகாட்ட ஓர் ஏற்பாடும் இருந்தது. அவ்வளவுதான். இரண்டு வருட முடிவில் வீட்டுக்குப் போன இடங்களில் மேல் அழுத்தம் 9 புள்ளி இறங்கியிருந்தது, மற்ற இடங்களில் 3.9. இரண்டுக்கும் இடைப்பட்ட வித்தியாசம் ஐந்தைத் தாண்டியது. அந்த ஐந்துக்கு என்ன பெறுமதி என்பதை மேலே பார்த்தோம். 2020இல் உலகின் முதன்மையான மருத்துவ இதழ் ஒன்றில் இது வெளியானது.

சீனாவில் இன்னும் ஒரு படி போனார்கள். 326 கிராமங்கள், ஏறக்குறைய 34,000 பேர். அங்கே கிராம வைத்தியர்கள், அதாவது பட்டம் பெற்ற டொக்டர் அல்லாதவர்கள், ஒரு எளிய வழிமுறைப்படி மருந்தைத் தொடங்கவும் கூட்டவும் அனுமதிக்கப்பட்டார்கள். மூன்று வருடத்தில் மாரடைப்பு, பாரிசவாதம் முதலிய இருதய, இரத்தக் குழாய்ப் பாதிப்புகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. நான்கு வருட முடிவில் மறதி நோயும் 15 வீதம் குறைந்திருந்தது என்று 2025இல் அறிவித்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு லயங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. கிராமத்தில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நடக்க வேண்டும். இங்கே ஒரே கூரையின் கீழ் வரிசையாக எத்தனை குடும்பம்! பிரஷர் மெஷினோடு ஒருவர் ஒரு மாலை வந்தால் முழு லயத்தையும் பார்த்துவிடலாம். குழந்தை பிறந்தால் வீடு தேடி வருகிற மிட்வைஃப் இருக்கிறார், பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் இருக்கிறார், டிஸ்பென்சரி உள்ள தோட்டத்தில் ஈஎம்ஏ (தோட்ட மருத்துவ உதவியாளர்) இருக்கிறார். பேர் போடுகிற இடத்துக்கு, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கே, மாதம் ஒருமுறை மெஷினையும் மருந்தையும் கொண்டுபோனால் என்ன? தோட்ட நிர்வாகத்துக்கு இது பெரிய செலவு இல்லை. பாரிசவாதத்தில் படுத்துவிட்ட ஒரு தொழிலாளியால் வீட்டில் இன்னொருவரும் வேலைக்குப் போக முடியாமல் போகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் இதில் இலாபமே உண்டு.

இரண்டாவது ஆய்வு மாத்திரையைப் பற்றியது. இதுவும் இலங்கையில் நடந்தது, 11 வைத்தியசாலைக் கிளினிக்குகளில், 700 பேரை வைத்து. வழக்கமாக ஒரு மருந்தில் தொடங்கி, போதாவிட்டால் அளவைக் கூட்டி, அதுவும் போதாவிட்டால் இரண்டாவதைச் சேர்ப்போம். ஒவ்வொரு படிக்கும் ஒரு கிளினிக் நாள், ஒரு பேர். இந்த ஆய்வில் மூன்று மருந்துகளையும் பாதி அளவில் ஒரே மாத்திரையாக்கி ஆரம்பத்திலேயே கொடுத்தார்கள்: டெல்மிசார்டன், அம்லோடிபின், குளோர்தலிடோன். ஒன்று குழாயைச் சுருக்கும் ஹோர்மோனைத் தடுக்கிறது, ஒன்று குழாய்ச் சுவரைத் தளர்த்துகிறது, ஒன்று உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றுகிறது. ஆறு மாதத்தில் இந்த மாத்திரை போட்டவர்களில் 70 வீதமானோருக்கு அழுத்தம் இலக்குக்கு வந்தது, மற்றவர்களில் 55 வீதத்தினருக்கு. பக்க விளைவால் மருந்தை விட்டவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். 2018இல் வந்த முடிவு இது. இதே யோசனையில் செய்த, மூன்றாவது மருந்து மட்டும் மாறிய ஒரு மாத்திரைக்கு 2025 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நம் அரசாங்கக் கிளினிக்கில் இன்னமும் பெரும்பாலும் தனித்தனி மாத்திரைகள்தான். இலங்கை நோயாளிகளை வைத்துக் கண்டுபிடித்ததை இலங்கை நோயாளிக்கு முதலில் கொடுக்க வேண்டாமா என்பது என் ஆதங்கம்.

மாத்திரை விடுபடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பெண்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவது. தண்ணி மாத்திரை போட்டால் அடிக்கடி சிறுநீர் போகும். கொழுந்து மலையில் கழிப்பறை எங்கே? அதனால் வேலை நாளில் அந்த மாத்திரையை மட்டும் பொட்டலத்திலேயே விட்டுவிடுவார்கள், கேட்டால் "போடுறேன் மிஸ்" என்பார்கள். பிரித்தானியாவில் 21,104 பேரை வைத்து நடந்து 2022இல் வெளியான ஆய்வு இந்தப் பெண்களுக்காகவே செய்தது போல இருக்கிறது. பிரஷர் மாத்திரையைக் காலையில் போட்டாலும் இரவில் போட்டாலும் மாரடைப்பு, பாரிசவாதம், மரணம் ஆகியவற்றில் வித்தியாசம் இல்லை என்று அது காட்டியது. மறக்காமல் போடக்கூடிய, தனக்கு வசதியான நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம். அதனால் நான் பலருக்குத் தண்ணி மாத்திரையை வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் போடச் சொல்கிறேன். படுக்கும் நேரம் வேண்டாம், லயத்துக் கழிப்பறைக்கு இருட்டில் நடக்க நேரும். உங்கள் சிக்கல் இதுவாக இருந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை, நேரத்தை மாற்றித் தருவார்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. ரொட்டியும் கட்டச் சம்பலும், கருவாட்டுக் குழம்பும் சாப்பிடாதே என்று சொல்ல எனக்கு மனம் வராது. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவி, குழம்பில் தனியாக உப்புப் போடாமல் சமைக்கலாம். ஒருவருக்கு நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உள்ளே, என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்த உப்பு சீனக் கிராமங்களில் பாரிசவாதத்தை 14 வீதம் குறைத்தது. ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களும் லொசார்டன் போன்ற மாத்திரை போடுகிறவர்களும் டொக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. பொட்டாசியம் கூடினால் இருதயத் துடிப்பே குழம்பும். வெற்றிலையில் வைக்கிற புகையிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 52 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வொன்றில், புகையிலையை மெல்லுகிறவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல். "நான் பீடி சிகரெட் தொடுறதில்ல" என்று சொல்கிற பாட்டிமார் இதைக் கேட்டுத் திகைப்பார்கள்.

அதே ஆய்வின் தெற்காசியப் பகுதியில் முதல் மாரடைப்பு வருகிற வயது நடுவில் 53. மற்ற நாடுகளில் 59ஐ ஒட்டியது. ஆகவே நாற்பதைத் தாண்டியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கொழுந்துப் பையோடு ஏற்றம் ஏறும்போது நெஞ்சு இறுகுகிறது, நின்று மூச்சு விட்டால் ஐந்து நிமிடத்தில் சரியாகிறது என்றால் அது கேஸ்ட்ரைட்டிஸ் என்று இஞ்சிப் பிளேன்டீ குடித்துவிட்டு இருந்துவிடாதீர்கள். வைத்தியசாலையில் டிரெட்மில்லில் ஓடவைத்துக் கண்டுபிடிப்பதை மலை இலவசமாகக் காட்டிக் கொடுத்திருக்கிறது. அந்த வாரமே ஈசிஜி எடுங்கள். பெண்களுக்கும் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் நெஞ்சு வலிக்காமலே தாடை, முதுகு, தோள் வலியாகவோ திடீர் மூச்சுத் திணறலாகவோ, காரணமில்லாத வியர்வையாகவோ வரலாம்.

ஓய்வில் இருந்தும் வலி விடவில்லை என்றால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. "கண்டிக்கே கொண்டுபோயிடுவோம்" என்று வேன் பிடிக்காதீர்கள். ஹட்டனிலிருந்து கண்டி இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். அடைபட்ட குழாயைக் கம்பி விட்டுத் திறக்கும் வசதி அங்கே இருப்பது உண்மைதான், ஆனால் அடைப்பைக் கரைக்கும் ஊசியை டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ நாவலப்பிட்டியிலோ போடலாம். கம்பி விட்டுத் திறக்கிற கதீட்டர் கூடத்தை ஒரு மணி நேரத்துக்குள் அடைய முடியாதவர்களை வைத்து 2013இல் வந்த ஆய்வில், சீக்கிரம் கரைக்கும் ஊசி போட்டு அதன் பின் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பியவர்களின் நிலை, நேரே கம்பி வைத்தவர்களின் நிலைக்கு ஏறக்குறைய சமமாகவே இருந்தது. ஈசிஜி உள்ள மிக அருகிலுள்ள வைத்தியசாலைதான் முதலில். அஸ்பிரின் ஒவ்வாமையோ வயிற்றில் இரத்தக் கசிவோ இல்லாதவராக இருந்தால் 300 மில்லிகிராம் அஸ்பிரினை மென்று விழுங்கலாம். வாய் கோணி, ஒரு கை விழுந்து, பேச்சுக் குழறினால் மட்டும் அஸ்பிரின் கொடுக்காதீர்கள். மூளையில் அடைப்பா, இரத்தக் கசிவா என்பது ஸ்கேன் பார்க்கும் வரை தெரியாது.

முதல் ஈசிஜி சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகும் வலி நிற்கவில்லையானால் வீட்டுக்குக் கிளம்பாமல் அங்கேயே இருங்கள். மாரடைப்பின் தொடக்கத்தில் முதல் ஈசிஜி சாதாரணமாக இருப்பதுண்டு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று எடுக்கச் சொல்லி, இருதயத் தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனை செய்ய முடியுமா என்றும் கேளுங்கள்.